சீமெண்ணெய்ப் படகும் கொழும்புச் சம்பந்தியும்

கப்பல் வேறு, படகு வேறு என்ற ஞானம் அகமது கபீருக்கு ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், கத்தரிக்காய்க் குழம்பில் கையை வைத்திருந்தபோது பிறந்தது.

அதற்குச் சற்று முன்னால்தான் அவர் மனைவி நூர்னிசா சோற்றைப் போட்டுக்கொண்டே, சுவரைப் பார்த்துச் சொல்லியிருந்தாள்.

“பானு மறுபடியும் உண்டாயிருக்காளாம். என் தம்பி கொழும்புலருந்து வந்து சொன்னான்.”

அவ்வளவுதான். சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அழவில்லை. ஏசவில்லை. அழுதிருந்தால் அதட்டியிருக்கலாம். ஏசியிருந்தால் பதிலுக்கு ஏசியிருக்கலாம். பேசாமல் போகிறவளை என்ன செய்வது? கபீர் சோற்றைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைத்தெருவில் அவருக்குச் சீமெண்ணெய்க் கடை. ஊரில் பாதி விளக்கு அவர் எண்ணெயில்தான் எரிந்தது. அவர் வீட்டில்தான் வெளிச்சம் இல்லை.

ஒரே மகள் நூர்பானு. கொழும்பில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஜெய்னுலாப்தீனின் மகனுக்குக் கட்டிக்கொடுத்தார். கல்யாணப் பந்தியில் சம்பந்தி ஒரு கவளம் வாயில் போட்டார். மென்றார். “கறிச்சோறு நல்லாருக்கு. ஆடு இன்னும் வந்து சேரலையோ?” என்றார்.

பந்தி சிரித்தது. கபீர் சிரிக்கவில்லை.

“கருவாடு தின்னு மரத்துப்போன நாக்குக்கு ஆட்டுக்கறி எங்க தெரியப்போவுது?”

வார்த்தை தடித்தது. கபீர் எச்சில் கையோடு எழுந்தார். “நானோ என் வீட்டு ஆளோ இனிக் கப்பலேறி வந்து உம்ம வாசல மிதிச்சா, என் பேரு அகமது கபீர் இல்லவே!” சம்பந்தியும் பதிலுக்கு ஏதோ சத்தியம் செய்தார். அது என்னவென்று கபீர் காதில் விழவில்லை. அவர் தன் சத்தத்தையே ரசித்துக்கொண்டிருந்தார்.

நூர்பானு தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வரவில்லை. அங்கேயே பெற்றாள். பேர் வைப்பதற்குள் பிள்ளை போய்விட்டது. சேதி வந்த அன்று நூர்னிசா வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றாள். கூட்டிக்கொண்டு போ என்று அவள் கேட்கவில்லை. நின்றாள், அவ்வளவுதான். கபீர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரே கேட்கச் செய்த சத்தியம். அவள் சற்று நேரம் பார்த்தாள். துப்பட்டியை மடித்துப் பெட்டியில் வைத்தாள். அன்றோடு அவரிடம் சண்டை போடுவதையும் நிறுத்திக்கொண்டாள்.

சண்டை இல்லாத வீடு எவ்வளவு பயங்கரமானது என்று கபீருக்கு அதற்கப்புறம்தான் தெரிந்தது.

இப்போது மறுபடியும் மகள் உண்டாயிருக்கிறாள். போகவும் முடியாது, போகாமலும் முடியாது. அந்த நேரத்தில்தான் கத்தரிக்காய்க் குழம்பில் அந்த ஞானம். சத்தியத்தில் சொன்னது என்ன? கப்பலேறி என்றுதானே? படகேறி என்று யார் சொன்னது?

கையைக் கழுவிவிட்டு ராஜபாளையத்துக்கு வண்டி கட்டினார்.

ராஜபாளையத்தில் வைகுண்டராஜ் என்று ஒரு பணக்காரர். பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கிற மிஷின்கள் வைத்திருந்தார். அந்த வருசம் மழை இல்லை. மழை இல்லாமல் பருத்தி இல்லை. பருத்தி இல்லாமல் மிஷின் ஓடவில்லை. மிஷின் சத்தம் கேட்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அதனால் தூத்துக்குடியில் ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன மூன்று சின்னப் படகுகளை வாங்கிப் போட்டிருந்தார். மூன்றிலும் சீமெண்ணெயில் ஓடுகிற இஞ்சின். கூட்டம் சேர்த்துக்கொண்டு கொழும்புக்குப் போகப்போவதாகப் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பார்ப்பவர்களெல்லாம் சிரித்தார்கள். போன வாரம்வரை கபீரும் சிரித்தவர்தான்.

“ராண்டி ராவுத்தரே, ராண்டி!” என்று தெலுங்கில் வரவேற்றார் வைகுண்டராஜ். “எண்ணெய் நீரு குடுக்கீரா?”

“எண்ணெயும் குடுக்கேன். நானும் வாரேன்.”

வைகுண்டராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. இதுவரை கூட வர ஒத்துக்கொண்டது ரெண்டே பேர். ஒருவன் அவருடைய மிஷின் பிட்டர் ஞானதுரை. சம்பளம் வாங்குவதால் மறுக்க முடியாதவன். இன்னொருவர் கூமாப்பட்டிச் சம்சாரி வேலுசாமி. அவருடைய கிணறு வற்றி, பயிர் காய்ந்து, மாடும் செத்துப்போயிருந்தது.

“நீரு எதுக்குவே கடலுக்கு வாரீரு?” என்று கபீர் அவரைக் கேட்டார்.

“அம்புட்டுத் தண்ணிய ஒரு தடவை கண்ணால பாத்துட்டாப் போதும் பாய்,” என்றார் வேலுசாமி.

வைகுண்டராஜ் களத்தில் பருத்திக்கொட்டையைப் பரப்பினார். அதுதான் கடல். அதன் மேல் மூன்று தேங்காய்ச் சிரட்டைகளை வைத்தார்.

“ஒத்தப் படகுல போனாத்தான் பயம். நாம மூணு படகு. ஒண்ணு நின்னா மத்த ரெண்டும் கயித்தக் கட்டி இழுக்கும்.”

“ரெண்டு நின்னா?” என்றார் கபீர்.

“மூணாவது இழுக்கும்.”

“மூணும் நின்னா?”

வைகுண்டராஜ் யோசித்தார். “மூணும் சேந்துதான நிக்கும்? பேச்சுத் துணை இருக்குமுல்ல?”

“இஞ்சின் நிக்காது மொதலாளி,” என்றான் ஞானதுரை. “அப்படியே நின்னாலும், ஏன் நின்னுதுன்னு நான் சொல்லிருவேன்.”

“சொன்னா ஓடிருமா?”

“ஓடாது. காரணம் தெரிஞ்சிருமுல்ல?”

கபீர் மூன்று சிரட்டைகளையும் ஒரு தடவை பார்த்தார். ஆனாலும் தலையாட்டினார்.

வீட்டில் இதை மூச்சு விடவில்லை. சொன்னால் என்ன ஆகும்? நாலு வருசம் இறங்காத மனுசன் இறங்கிவந்துவிட்டான் என்று அவளுக்குத் தெரிந்துபோகும். ஊரிடம் தோற்கலாம். வீட்டில் தோற்றவன் எங்கே போய் உட்காருவான்?

ஓட்டிப் பழகவேண்டும் என்று ஒரு படகை ரெண்டு மாட்டுவண்டிகளைச் சேர்த்துக் கட்டி ஏற்றிவந்து ஸ்ரீவில்லிபுத்தூர்க் கண்மாயில் இறக்கினார்கள். கண்மாயில் முழங்கால் தண்ணீர்தான் கிடந்தது. ஞானதுரை இஞ்சினைக் கிளப்பினான். அது இருமியது, கனைத்தது, அப்புறம் ஒரேயடியாகப் பாய்ந்தது. எருமைகள் கரையேறி ஓடின. படகு சகதியில் சொருகி நின்றது. அடியில் சுற்றிய விசிறி அத்தனை சேற்றையும் அள்ளிப் பின்னால் உட்கார்ந்திருந்த கபீர் மேல் கொட்டியது. கரையில் நின்ற ஊர் கைதட்டியது.

அந்த ஊருக்குள் தன் மனைவியும் இருக்கிறாள் என்பது கபீருக்குத் தோன்றவில்லை. தலைமுதல் கால்வரை சேற்றோடு வீட்டுக்கு வந்தார்.

“என்ன இது?” என்றாள் நூர்னிசா.

“எண்ணெய் டின்னத் தூக்குறப்ப வழுக்கிட்டுது.”

“எண்ணெயில மீனு கெடக்குமா?” என்று கேட்டு, அவர் காதோரம் ஒட்டியிருந்த கெண்டைக்குஞ்சை எடுத்துக் கீழே போட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை. வெந்நீர் வைத்துக் கொடுத்தாள்.

அந்தக் குளியலில் கபீருக்கு வேறொரு ஞானம் பிறந்தது. முழங்கால் தண்ணீரிலேயே இந்த லட்சணம் என்றால், ஆழம் தெரியாத கடலில்? போகவேண்டாம். மகள் நன்றாக இருக்கட்டும், தூரத்திலிருந்து துவா செய்துகொள்ளலாம். முடிவு செய்து, தலையைத் துவட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். நூர்னிசா எதிரே வந்து உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்கார்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

“தம்பி ஒண்ணு சொன்னான்,” என்றாள். “சொன்னா வருத்தப்படுவீக. வேண்டாம்.”

“சொல்லு.”

“சம்பந்தி கொழும்புல கடை முன்னால நின்னு சிரிச்சாகளாம். ‘அந்தக் கபீருக்குக் கண்மாயத் தாண்டவே ஆள் வேணும். கடலத் தாண்டி எங்க வரப்போறான்’னு.”

கபீர் கவளத்தைத் தட்டில் போட்டார். “அப்படியா சொன்னான்? அந்தக் கருவாட்டுவாயன் அப்படியா சொன்னான்?”

“நமக்கு எதுக்குங்க? விட்டுத் தள்ளுங்க.”

“ஏட்டி, நான் தூத்துக்குடிக்கு எண்ணெய் எடுக்கப் போறேன். நாளாகும்.”

“எம்புட்டு நாளு?”

“ஒரு மாசங்கூட ஆகும்.”

“அதுக்கு மேல ஆனாலும் அவசரப்படாதீக,” என்றாள் நூர்னிசா. “எண்ணெயில்லா? நிதானமாப் பாத்து எடுங்க.”

அன்று இருந்த கோபத்தில், கண்மாய் விசயம் கொழும்புக்கு எப்படிப் போயிற்று, இன்று நடந்தது எப்படி நேற்றே அங்கே தெரிந்தது என்று அவர் யோசிக்கவில்லை. அவர் மனசெல்லாம் அவள் கடைசியாகச் சொன்னதில்தான் இருந்தது. ஒரு மாசம் போகிறேன் என்கிறேன். இவளுக்கு ஒரு வருத்தமும் இல்லையே. நான் இருந்தென்ன, போயென்ன?

கிளம்புவதற்கு முன்னால் அவர் பார்த்ததெல்லாம் அந்த வருத்தத்தைக் கூட்டியது. நூர்னிசா கொல்லையில் சுண்ணாம்பைக் கொட்டித் தண்ணீர் விட்டுத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

“இப்ப எதுக்கு வெள்ளையடிப்பு?”

“நீங்க இருந்தா சட்டையில படும். அதான், நீங்க போன பொறவு.”

உள்ளறையில் புதுப் பாய் விரித்திருந்தது. இவருடைய கட்டில் அநாதையாக மாட்டுத்தொழுவத்தில் கிடந்தது. தான் செத்த பிறகு வீடு எப்படியிருக்கும் என்று காட்டுகிறாள்போல என்று நினைத்துக்கொண்டார். அவள் கட்டிக்கொடுத்த மூட்டையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே நிறைய இஞ்சி.

“எண்ணெய் எடுக்கப் போறவனுக்கு இஞ்சி எதுக்கு?”

“ரயில் ஆட்டத்துல கொமட்டுச்சுன்னா?”

வாசல்வரை வந்தாள். “ஞாயித்துக்கிழமை போயிருவீகல்லா? நிச்சயமாத்தான?”

“நிச்சயமாத்தான்.”

“அப்ப சரி,” என்றாள். அவர் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் உள்ளே போய்விட்டாள்.

சகதியில் சொருகிய படகை முன்னாலேயே வண்டியில் அனுப்பிவிட்டு, சாத்தூரில் ரயிலேறித் தூத்துக்குடி போய், ஞாயிற்றுக்கிழமை காலையில் படகுகளை இறக்கினார்கள். வழி காட்டத் தவசிமுத்து என்ற மீனவர் கபீரின் படகில் ஏறிக்கொண்டார். அவர் இஞ்சினை ஒரு தடவை பார்த்தார். தன் பாய்மரத்துணியையும் கழியையும் எடுத்துப் படகுக்குள் போட்டுக்கொண்டார்.

“அது எதுக்கு?” என்றார் வைகுண்டராஜ் கோபமாக.

“வெயிலுக்குப் போத்திக்கிட,” என்றார் தவசிமுத்து.

கரை கண்ணுக்கு மறைவதற்குள் முதல் இஞ்சின் நின்றது. ரெண்டாவது அதை இழுத்தது. இழுத்த களைப்பில் அதுவும் நின்றது. மூன்றாவது ரெண்டையும் இழுத்துக்கொண்டு இரவெல்லாம் முனகியது. விடிகிற நேரத்தில் அதுவும் வாயை மூடியது. ஞானதுரை மூன்றும் ஏன் நின்றன என்று விளக்கமாகச் சொன்னான். யாரும் கேட்கவில்லை. எல்லோரும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வெளுத்து வரும்போது கொழும்பிலிருந்து தூத்துக்குடிக்குப் போகிற கப்பல் அவர்களைக் கடந்தது. மேல்தட்டிலிருந்து யாரோ வெள்ளைத் துணியை வீசினார்கள். கபீர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கப்பலைப் பார்ப்பதுகூடச் சத்தியத்துக்குக் குறைவு. அந்தக் கப்பல் கிளப்பிய அலை மூன்று படகுகளையும் தூக்கித் தூக்கிப் போட்டது.

அப்புறம் சத்தமே இல்லை. எங்கு பார்த்தாலும் தண்ணீர். வேலுசாமி கையை நீட்டி ஒரு கை அள்ளினார். வாயில் விட்டார். துப்பினார்.

“இம்புட்டுத் தண்ணி கெடக்கு,” என்றார். “ஒரு வாய் குடிக்கக் குடுக்க மாட்டேங்கு. ஒரு பாத்திக்குப் பாய மாட்டேங்கு.” அதற்கப்புறம் அவர் விசும்பியது எல்லோருக்கும் கேட்டது. வைகுண்டராஜ் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டார்.

கபீர் வாயில் இஞ்சியை வைத்துக்கொண்டு, பேர் வைக்கும் முன்னே போய்விட்ட தன் பேரப்பிள்ளையை நினைத்தார். ஆணா, பெண்ணா? அதைக்கூட அவர் அன்று கேட்கவில்லை. கேட்டால் தாங்காது என்று கேட்கவில்லை. நூர்னிசாவுக்குத் தெரிந்திருக்கும். அவளும் சொல்லவில்லை. ஒரே கூரைக்குள் ரெண்டு பேரும் இத்தனை வருசம் அதைச் சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறார்கள்.

“தவசிமுத்து,” என்றார். “நாம செத்துருவோமா?”

“இஞ்சினுதான் செத்துருக்கு. காத்து உசுரோடதான இருக்கு?” தவசிமுத்து கழியை நட்டுப் பாயை விரித்தார். மூன்று சீமெண்ணெய்ப் படகுகளும் கயிறு கட்டிக்கொண்டு ஒரு கிழிந்த பாயின் பின்னால் போயின.

அந்த வழியெல்லாம் கபீர் ஒரு முடிவுக்கு வந்துகொண்டிருந்தார். முதலில், சம்பந்தி வாசலுக்கு வெளியே நின்று மகளைக் கூப்பிடுவது என்றிருந்தார். அப்புறம், படியில் ஒரு காலை மட்டும் வைக்கலாம் என்று இறங்கினார். கொழும்பு விளக்குகள் கண்ணில் பட்டபோது, உள்ளே போய் ஜெய்னுலாப்தீனின் கையைப் பிடித்து, “அன்னைக்குக் கறிச்சோத்துல ஆடு கொறைச்சல்தான்” என்று சொல்லிவிடுவது என்ற இடத்துக்கு வந்திருந்தார். வெளியே சொல்லமுடியாத அளவுக்கு அது மனசுக்கு லேசாக இருந்தது.

துறைமுகத்தில் ஒரு டாக்டர் எல்லோரையும் நாக்கை நீட்டச் சொன்னார். நாக்குகள் இருந்தன. விட்டுவிட்டார். வைகுண்டராஜ் மாலை போட யாராவது வருவார்கள் என்று படகிலேயே நின்றார். ஒரு ஆள் வந்து, “கருவாடு எவ்வளவு?” என்று கேட்டான். அவர் உட்கார்ந்துவிட்டார்.

கபீர் விசாரித்து விசாரித்து ஜவுளிக்கடையைக் கண்டுபிடித்தார். கீழே கடை, மேலே வீடு. மேலே எல்லா சன்னலும் சாத்தியிருந்தன. கடைக் கதவு ஒன்று மட்டும் திறந்திருந்தது. உள்ளே ஒரு ஆள் துணிமூட்டை கட்டிக்கொண்டிருந்தான்.

கபீர் கண்ணை மூடிக்கொண்டு படியேறினார். ரெண்டு காலையும் வைத்தார்.

“நூர்பானு இருக்காளா? அவ அத்தா வந்திருக்கேன்னு சொல்லுப்பா.”

“வாங்க, வாங்க! உங்களத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருக்கேன்,” என்றான் அவன். “நான் கருத்தப்பாண்டி, கடையில வேலை. நமக்குத் தளவாய்புரம், உங்க ஊர்ப் பக்கந்தான். அக்கா இங்க இல்லையே. எல்லாரும் உங்க வீட்டுக்குல்ல போயிருக்காக.”

“எங்க வீட்டுக்கா?”

“பிரசவத்துக்கு. பெரிய மொதலாளி, சின்ன மொதலாளி, அக்கா, அம்புட்டுப் பேரும் ஞாயித்துக்கிழமைக் கப்பல்ல கெளம்பிட்டாக.”

கபீர் பக்கத்திலிருந்த துணிக்கட்டில் உட்கார்ந்தார். “உங்க மொதலாளி என் வீட்டுக்கு எப்படிப்பா வருவாரு?”

“அதான் கல்யாணத்தன்னைக்கே சத்தியம் பண்ணிட்டாகளே. ‘அந்தக் கபீரு இருக்கிற வீட்டுல பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்’னு. உங்களுக்குத் தெரியாதா? அக்காவ அனுப்பச் சொல்லி உங்க வீட்டம்மா எத்தனை தடவை அவுக தம்பிகிட்டச் சொல்லிவிட்டாக! ‘அந்த ஆளு ஊர்ல இல்லாத நேரம் சொல்லும்மா, நானே கூட்டிட்டு வாரேன்’னாரு இவரு. கடையப் பூட்டிட்டு நீங்க எங்க போகப்போறீகன்னு உங்க வீட்டம்மாவும் ரொம்ப நாள் கவலைப்பட்டாகளாம். பொறவு பாத்தா, படகுல போறீகன்னு சேதி வந்துச்சு.”

“கண்மாயப் பத்தி உங்க மொதலாளி ஏதாவது சொன்னாரா? சிரிச்சாராமே?”

“எந்தக் கண்மாய்?” என்றான் கருத்தப்பாண்டி.

கபீர் திரும்பித் தெருவைப் பார்த்தார். வீட்டில் வெள்ளையடித்திருப்பார்கள். புதுப் பாயில் மகள் படுத்திருப்பாள். நூர்னிசா அவள் காலை அமுக்கிவிட்டுக்கொண்டு, நாலு வருசத்துப் பேச்சையும் பேசிக்கொண்டிருப்பாள். அந்தப் பேச்சைக் கேட்கவேண்டும் போலிருந்தது. ஒரு ஓரத்தில் நின்றாவது.

எழுந்தார். “சத்தியம் கெடக்குது. நாளைக் கப்பல்லயே நான் ஊருக்குப் போறேன்.”

“ஐயோ, அது மட்டும் கூடாதுன்னு சொல்லிவிட்டிருக்காக,” என்று பதறினான் கருத்தப்பாண்டி. “நீங்க போயி எறங்குனா பெரிய மொதலாளி அந்த நிமிசமே பிள்ளத்தாச்சிய வண்டியில ஏத்திருவாகளாம். கோவக்காரரு, செய்வாரு. பிள்ளை பொறந்து நாப்பது நாளு கழியட்டும், பொறவு வரச் சொல்லுங்கன்னு உங்க வீட்டம்மா சொன்னாகளாம்.”

“அதுவரைக்கும் நான் இங்க என்னப்பா செய்ய?”

கருத்தப்பாண்டி கட்டிவைத்த துணிமூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். அவன் மூட்டை என்று கபீருக்கு அப்போதுதான் தெரிந்தது. இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து அவர் கையில் வைத்தான்.

“நீங்க வந்ததும் நான் ஊருக்குப் போய்க்கிடலாம்னு சொல்லியிருக்காக. நீங்கதான் வெள்ளனக் கடை தொறக்கணும். வாரேன் மொதலாளி.”